பயற்று மாப்பொருள் வேறு, மரவள்ளி மாப்பொருள் வேறு

மாப்பொருள் எல்லாம் ஒன்றே; மலிவான மரவள்ளி இருக்கையில், மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை, கலேவெல பகுதிகளில் விளையும் பயற்றிலிருந்து அதைப் பிரிப்பது வீண் என்பது வாதம். வாதம் தவறு.

1. மரவள்ளி மாப்பொருளில், அதன் நேர்ச்சங்கிலிக் கூறான அமைலோசு ஏறத்தாழ 20 சதவீதம். பயற்றில் 30-க்கு மேல். எப்படி ஒன்றாகும்?

2. அமைலோசு கூடினால் ஆறிய கூழ் இறுகும். பயற்று மாப்பொருளில் செய்யும் கண்ணாடி நூடில்ஸ் கொதிநீரில் கரையாமல் நிற்பது இதனால்தான். மரவள்ளி தனியே அந்த உறுதியைத் தருமா?

3. பயற்று மாப்பொருள் மெதுவாகச் செரிக்கும். குருதியில் குளுக்கோசு மெல்லவே ஏறும். நீரிழிவு பெருகும் நாட்டில் இது சிறிய விடயமா?

4. பிரிப்பதும் கடினமன்று. ஊறவைத்து அரைத்து வடித்து, நீர்த்த காரத்தில் புரதத்தைக் கரைத்து, படிந்ததைக் கழுவி, 40 பாகை செல்சியசில் உலர்த்தலாம். கரைந்த புரதம் அமிலம் சேர்த்தால் மீளும். எது வீண்?