இறையன்பு தாயத்து அன்று

'நம்பிக்கை உள்ளவனை ஆபத்து அணுகாது' என்னும் போதனை துண்டுப் பிரசுரமாகவும் ஒலிபெருக்கியாகவும் கைப்பேசியாகவும் இன்று நம் இல்லங்களில் நுழைந்துவிட்டது. கேட்கச் சுவையான இப்போதனை நற்செய்திக்குப் புறம்பானது, ஏழைகளுக்கோ கொடியது. ஆபத்து வந்தவனைப் பார்த்து, 'உனக்கு நம்பிக்கை போதாது' என்று அது மறைமுகமாகக் குற்றஞ்சாட்டுகிறது.

போடிநாயக்கனூரின் ஏலமலைச் சரிவுகளில் அச்சம் கற்பனைப் பொருளன்று. விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறும் பெண்கள், போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காய் பறிக்கவும் போகிறார்கள். பனிமூட்டமும் யானையும் அவர்கள் அறிந்த பகைகள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிணக்கு முற்றியபோது, உயிருக்கு அஞ்சிக் காட்டுவழியே இறங்கி வந்தவர்கள் இவர்களுள் உண்டு. 2019-இல் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போன ஏலக்காய், இரண்டே ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய்க்கு அருகே சரிந்தபோது, கடன்பட்ட சிறு விவசாயி உறக்கம் இழந்தான். இவர்களை நோக்கி, 'அஞ்சுவது அவிசுவாசம்' என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக்காட்டில் தீ மூண்டது. மலையேறச் சென்றவர்களுள் 23 பேர் அதனால் மாண்டனர். 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளரின் லயங்களைப் புதைத்தது; 70 உயிர்கள் போயின. மாண்டவர்கள் செபிக்கத் தவறியவர்களா? சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவரே மறுத்தார். அவர் மறுத்ததை அவர் பெயரால் நாம் போதிப்பது எத்துணை முரண்!

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பெருமான் துயருற்றுக் கலங்கினார். துன்பக் கிண்ணம் அகலுமாறு வேண்டினார், அது அகலவில்லை. ஆயினும் தந்தையின் அன்பை அவர் ஐயுறவில்லை. பவுலடியார் வேதனை, பசி, வாள் அனைத்தையும் வரிசையாக எண்ணிய பின்னரே, இவற்றுள் எதுவும் இறையன்பிலிருந்து நம்மைப் பிரிக்க இயலாதென்று உறுதி கூறினார்; இவை வாரா என்று அவர் சொல்லவே இல்லை. 1686-இல் சித்திரவதைக்குள்ளான புனித அருளானந்தர், போர்ச்சுகலில் தங்கிவிட வாய்ப்பிருந்தும் மறவ நாட்டுக்கே திரும்பினார். 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டார். இறையன்பு வாளைத் தடுக்கவில்லை; வாளுக்கு முன் நிற்கும் துணிவைத் தந்தது.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பிழையும் உண்டு. ஜீப்பில் அளவுக்கு மீறி ஆட்களைத் திணிப்பதும், சரியக்கூடிய சரிவின் கீழ் தொழிலாளரைக் குடிவைப்பதும், விபத்து நேர்ந்தபின் 'எல்லாம் இறைத் திருவுளம்' என்று கைகழுவுவதும் பக்தியாகா. கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு ஆண்டவர் இணங்கவில்லை. கடவுளைச் சோதிக்கலாகாது என்றார். மனிதனின் பேராசையைத் திருவுளம் என்று அழைப்பது இறைவன் மீது சுமத்தப்படும் பழி.

அப்படியானால் இறையன்பில் நம்பிக்கை கொள்வது எப்படி வெளிப்படும்? குரங்கணியில் தீ மூண்ட அன்று, ஊர் மக்கள் மலையேறிக் காயமுற்ற அந்நியரைச் சுமந்து இறக்கினார்கள். அஞ்சத்தக்க இடத்தில் அன்பு இப்படித்தான் நடக்கும். நம் மலைப்பெண்ணுக்கோ வளைவைவிடப் பேரச்சம் ஒன்று உண்டு: 'ஆள் அதிகம்' என்று சொன்னால் நாளை வேலை இருக்குமா என்பதே அது. அவள் தனியே சொல்ல அஞ்சுவதை அவளுடைய அன்பியம் ஒன்றுகூடிச் சொல்லட்டும். பங்கின் படித்தவர்கள் அவளுக்காக மனு எழுதட்டும். வேலை இழந்தவள் வீட்டில் அடுப்பு எரியுமாறு அயலார் பார்த்துக்கொள்ளட்டும். இவற்றைச் செய்யாத பங்கு, 'கடவுள் உன்னை அன்பு செய்கிறார்' என்று அவளிடம் சொன்னால், அதை அவள் எதைக்கொண்டு நம்புவாள்?