முதுமலைக் கூட்டமும் இ-பாஸ் வரம்பும்: எங்கள் நிலைப்பாடு

இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) பெற்று நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் நாள் வரம்பு விதித்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அதை அடியோடு நீக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கும் நிலையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

1. சீசன் கால வரம்பு தொடர வேண்டும். எண்ணிக்கை இதுவேதானா என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. தாங்குதிறன் ஆய்வின் அடிப்படையில், உள்ளூர் மக்களையும் கலந்து, உரிய மாற்றங்களைப் பரிசீலிக்கலாம். வரம்பே கூடாது என்பதை மட்டும் ஏற்க இயலாது.

2. மாவட்ட எல்லையில் எண்ணுவதால் மட்டும் முதுமலைப் புலிகள் காப்பகம் காப்பாற்றப்படாது. ஊட்டி ஏரிக்குப் போகும் வண்டியும் மசினகுடிக்குப் போகும் வண்டியும் இ-பாஸ் கணக்கில் ஒன்றுதான். தெப்பக்காடு யானைகள் முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற பிறகு அங்கே கூட்டம் பெருகியது. புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் சாலைகளுக்குத் தனி வரம்பு தேவை.

3. எங்களை மிகவும் வருத்துவது, காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தும் வழக்கம். கோடையில் குட்டைகள் வற்றியதும் யானைக் கூட்டங்கள் மாயாற்றை நாடுகின்றன. அதற்குத் தெப்பக்காடு–மசினகுடி சாலையைப் பல இடங்களில் கடக்கின்றன. ஒரு கார் நின்றால் பின்னால் பத்து கார்கள் நிற்கின்றன. எதிர்த்திசையிலும் அப்படியே. ஆட்கள் இறங்குகிறார்கள், செல்பி எடுக்கிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், தின்பண்டம் வீசுகிறார்கள். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் என்று கூட்டம் பிரிகிறது. குட்டியைத் தேடித் தாய் ஓடி வந்தால் மறுநாள் செய்தி, "சுற்றுலாப் பயணிகளைத் துரத்திய காட்டு யானை". துரத்தியது யார்? தண்ணீர் குடிக்கப் போன விலங்கை மறித்து நின்றவர்கள் பாதிக்கப்பட்டவர்களாம். மறிக்கப்பட்ட யானை குற்றவாளியாம்! இந்தப் பேச்சை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. 2021 ஜனவரியில் எரியும் டயரை வீசியதில் காயமடைந்த யானை செத்ததும் இதே மசினகுடிப் பகுதியில்தான்.

சாலையில் நிறுத்தக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. பலகையும் இருக்கிறது. பலகைக்குக் கீழேயே நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எனவே சீசன் முழுவதும் இச்சாலையில் ரோந்து வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்திலேயே அபராதம் வேண்டும். மீண்டும் பிடிபடும் வண்டிக்கு அந்த சீசனில் இ-பாஸ் மறுக்கப்பட வேண்டும். "இது கடுமையானது" என்று சில உறுப்பினர்கள் கருதினர்; அவர்கள் கருத்தும் பதிவு செய்யப்பட்டது. பெரும்பான்மை முடிவு இதுவே.

4. தனியார் ஜீப்புகளின் இரவு "சவாரி" முற்றாக நிறுத்தப்பட வேண்டும். வனத்துறை வாகனத்தில் சென்று பார்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை.

5. முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பை முழுமையாக நிறைவேற்ற வேண்டும்.

6. காப்பகத்தின் ஊடாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரையிலான போக்குவரத்துத் தடையில் தளர்வு கூடாது.

7. பிளாஸ்டிக் சோதனையைச் சோதனைச் சாவடிகளில் இயன்றவரை முறைப்படுத்த வேண்டும்.

8. சுற்றுலாவை நம்பி வாழும் குடும்பங்களின் கவலை நியாயமானது. அரசுப் பேருந்துகளைக் கூட்டினால் காரின்றியும் மக்கள் வர முடியும். பேருந்தில் வருபவர்களும் உள்ளூர்க் கடைகளில்தான் சாப்பிடுவார்கள்.

இக்கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடமும் காப்பகக் கள இயக்குநரிடமும் அளிக்கவுள்ளோம். விருந்தினரை முதுமலைக்கு அழைத்துச் செல்லும் உறுப்பினர்களுக்கு இது இன்றிலிருந்தே பொருந்தும்: யார் கெஞ்சினாலும் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

– செயற்குழு