ஹிரோஷிமாப் பெண்களின் வீட்டு முன்கடைகள்



யப்பானிய உணவு என்றதும் பச்சை மீனும் சோறும்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனால் ஹிரோஷிமா நகரத்தில் சாதாரண குடும்பங்கள் விரும்பிப் போகும் கடைகள் வேறு விதமானவை. அடுப்பின்மேல் நீளமான இரும்புத் தகடு ஒன்று இருக்கும், எங்கள் கொத்துரொட்டிக் கடைத் தகட்டைப் போல. ஒரு பக்கம் சமைப்பவர் நிற்க, மறுபக்கம் சாப்பிட வந்தவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அங்கே கிடைக்கும் உணவின் பெயர் ஒக்கோனோமியாக்கி.

கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்து, தோசைபோல் மெல்லியதாக ஊற்றுவார்கள். அதன்மேல் நன்றாக அரிந்த கோவாவைக் குவித்து, முளைப்பயறும் பன்றி இறைச்சித் துண்டுகளும் அடுக்கிப் புரட்டுவார்கள். கோவா தன் ஈரத்திலேயே அவிந்துவிடும். பிறகு நூடில்ஸ், முட்டை, கடைசியில் இனிப்பும் புளிப்புமான கறுத்த சோஸ். சிறிய தட்டைக் கரண்டியால் வெட்டி, தகட்டிலிருந்தே சுடச்சுட உண்பார்கள்.

இந்த உணவுக்குப் பின்னால் எங்களைப் போன்ற பெண்களின் கதை ஒன்று இருக்கிறது.

போருக்கு முன்னர் இது வெங்காயத்தாள் தூவிய மெல்லிய மாவுச் சுடல் மட்டுமே. பிள்ளைகள் ஒரு சதத்துக்கு வாங்கித் தின்ற பண்டம். 1945 ஆகஸ்ட் 6 ஆம் திகதி காலை 8.15 மணிக்கு அந்த நகரத்தின்மேல் அணுகுண்டு போடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அரிசிக்குக் கடும் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கோதுமை மா வந்தது. மலிவாகக் கிடைத்த கோவாவைச் சேர்த்ததும் பிள்ளைகளின் பண்டம் பெரியவர்களின் பசியாற்றும் உணவாகியது.

போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் தங்கள் வீட்டின் முன்பகுதியையே கடையாக்கினார்கள். ஒரு தகடும் அடுப்பும் போதுமாக இருந்தன. வீட்டிலேயே தொழில் என்பதால் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள முடிந்தது. செல்லமாக அழைக்கும்போது பெயரோடு 'சான்' என்று சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். பல கடைகளுக்கு அப்படிச் செல்லப்பெயர்களே பெயராகின. தெருவோரத் தள்ளுவண்டிக் கடைகளும் ஒன்றுசேர்ந்தன. இன்று நகர மையத்தில் 'ஒக்கோனோமிமுரா' என்னும் ஒரே கட்டடத்தில் 20க்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. முரா என்றால் கிராமம்.

அந்தப் பெண்களின் துயரம் இதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கதிர்வீச்சு நோயும், நோயாளி என்று ஒதுக்கிய சமூகமும் அந்நகரத்து மக்களை நீண்டகாலம் வருத்தின. ஆனாலும் கணவனை இழந்தவள் வீட்டின் முன்னால் நின்று உழைத்தாள். வந்தவர்கள் அவளுக்கு எதிரே இருந்து, அவளோடு கதைத்து, சாப்பிட்டுப் போனார்கள்.

நிவாரணக் கோதுமை மாவின் மணம் எங்களுக்கும் தெரியும். 2009க்குப் பின்னர் எத்தனையோ சகோதரிகள் இடியப்பம் அவித்தும் மா இடித்தும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் கணவனில்லாதவள் முன்வாசலில் நிற்கக்கூடாது என்ற பேச்சு எம்மிடையே இன்னும் ஓயவில்லை. அதனால் பலரின் உழைப்பு பின்குசினியிலேயே முடங்கி, பிறர் கைமாறி, குறைந்த விலைக்குப் போகிறது.

சகோதரிகளே, தொழில் தொடங்கும்போது முன்வாசலில் தொடங்குங்கள். பலகையில் உங்கள் பெயரையே எழுதுங்கள். அயலில் ஒருத்தி அப்படித் தொடங்கினால், முதல் ஆளாகப் போய் வாங்குங்கள்.