வலது ஓரம்

சிறந்த நூலாக்கத்துக்கான பரிசைப் பெற்ற நாவலை நம் வாசகர்கள் புரட்டிப் பார்த்திருப்பார்கள். கெட்டி அட்டை, கண்ணை உறுத்தாத காகிதம், பிரித்து வைத்தால் மடங்காமல் கிடக்கும் கட்டு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரு பக்கத்தின் கடைசி வரி ‘விடு-’ என்று முடிகிறது. மறுபக்கம் ‘தலை’ என்று தொடங்குகிறது. மகன் சிறையிலிருந்து வெளியே வரும் இடம் அது. நடுவர்களின் பாராட்டுரையில் ‘சீரான பக்கங்கள்’ என்றொரு தொடர். சீர்தான், மறுக்கவில்லை. வலது ஓரம் இம்மி பிசகவில்லை.

இதை யாரோ சுட்டிக்காட்டப்போக, நண்பர்களின் இதழொன்று ஒன்றரைப் பக்கத்துக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறது. ஓலைச்சுவடியிலேயே சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைத்தவர்கள்தாம் நாம், கணினி செய்வதும் மரபின் தொடர்ச்சியே என்கிறார்கள். சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. படிப்பவரே ஒவ்வொரு வரியிலும் சொல்லைப் பிரித்துக்கொண்டு போனார். சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவரப் பட்ட பாட்டில் இந்தப் பிரிப்பும் சேர்த்தி. இடம்விட்டு அச்சிடத் தொடங்கிய பிறகு, இடைவெளியே சொல்லின் எல்லை என்று நம் கண் பழகிவிட்டது. பழகிய கண்ணிடம் போய்ச் சுவடியைச் சாட்சிக்கு இழுப்பது என்ன நியாயம்?

ஈய அச்சுக்காலக் கம்பாசிட்டர்களும் உடைத்தார்கள், அதுவும் பெரும்பாலும் இணைகோடு போடாமல். பழைய பதிப்பு எதையாவது எடுத்துப் பாருங்கள். ஒரு வரி ‘இருக்கி’ என்று நிற்கும், அடுத்த வரி ‘றார்கள்’ என்று வரும். யாருக்கும் தடுக்கியதில்லை. காரணத்தை நன்னூலில் தேடலாம். ற, ன, ண, ழ, ள எதுவும் மொழிக்கு முதலில் வாராது. ஆகவே வரியின் தொடக்கத்தில் ‘றா’வைக் கண்டதுமே, இது மேல்வரியின் மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இணைகோட்டின் வேலையை மொழியே பார்த்துக்கொள்கிறது.

அசிங்கமான முறிவில் ஆபத்தில்லை. ஒழுங்காகத் தெரியும் முறிவில்தான் ஆபத்து. மிச்சம் க, த, ப, ம என்று தொடங்கித் தானே ஒரு சொல்லாக நிற்கும்போது கண் ஏமாந்துபோகிறது. ‘அவமானம்’ உடைந்தாலும் ‘வருமானம்’ உடைந்தாலும் அடுத்த வரிக்கு வந்து சேர்வது ‘மானம்’. ‘அதிகாரம்’ உடைந்தால் மிஞ்சுவது ‘காரம்’. தமிழுக்கென்று இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கும் விதிகளோ எழுத்தளவில் நின்றுவிடுகின்றன. உயிர்மெய்க்குப் பின் உடைக்கலாம், புள்ளியெழுத்துக்கு முன் கூடாது. அந்த விதிப்படி ‘விடு-தலை’ அப்பழுக்கற்றது. அதனால்தான் எந்தத் தானியங்கிச் சோதனையிலும் அது சிக்காது.

இந்த இடத்தில் ஒரு பழைய பிரியத்தைச் சொல்லியாக வேண்டும். 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு வந்தது. தலைப்பையே இணைகோடுகளால் உடைத்து அட்டையில் போட்டிருந்தார்கள். ஆங்கிலச் சொற்களை எங்கே உடைக்கலாம் என்று டெக் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆய்வு. 4,447 எழுத்துக்கோலங்களைக் கொண்டு, ஓர் அகராதிப் பட்டியலின் முறிவிடங்களில் 89 சதவீதத்தை அது கண்டுபிடித்தது, ஏறக்குறையத் தவறே இல்லாமல். மீதியை உடைக்காமல் விட்டுவிட்டது. நம்மை மயக்கியது அந்த மீதிதான். அதற்கு மேல் 14 சொற்கள் கொண்ட விதிவிலக்குப் பட்டியல் ஒன்று. அதில் ‘பிரசென்ட்’, ‘புராஜெக்ட்’ இரண்டும் உண்டு. பெயராக வந்தால் ஓரிடத்திலும் வினையாக வந்தால் வேறிடத்திலும் உடைய வேண்டிய சொற்கள். எதுவென்று இயந்திரத்துக்குத் தெரியாது, ஆகவே தொடவே வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை எங்கெங்கே உடைக்கும் என்று அச்சிடுவதற்கு முன்பே காட்டிவிடும் கட்டளையும் டெக்கில் இருக்கிறது. தொடவேண்டாத தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை நம் பதிப்பகங்களில் யார் வைத்திருக்கிறார்கள்? பரிசு பெற்றவர்கள் வைத்திருந்தால் அனுப்பிவைக்கட்டும், வெளியிடுகிறோம்.

பட்டியல் இருந்தாலும் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து வரியோரங்களைப் படித்தாக வேண்டும். கடைசி மெய்ப்புக்குப் பிறகு ஆசிரியர் ஒரு ‘ஆனால்’ சேர்த்தால் போதும், அந்தப் பத்தியின் முறிவுகள் எல்லாம் இடம் மாறிவிடும். பார்த்ததை மறுபடி பார்க்க வேண்டும். மறுபடி பார்ப்பதற்கு எந்தப் பதிப்பகமும் கூலி கொடுப்பதில்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொன்னதை இங்கே கூட்டம் போட்டுக் கொண்டாடினோம், எதிர்த்தும் எழுதினோம். மெய்ப்புத் திருத்துபவர் போய்ச் சேர்ந்ததற்கு ஓர் இரங்கல் குறிப்புகூட வரவில்லை. பிரதியின் இன்பம் பற்றிப் பேசியவர்கள்தாம் இன்று நடுவர் குழுக்களில் இருக்கிறார்கள். புத்தகத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். படிப்பதற்கு அவகாசம் தரும் பரிசு இன்னும் நிறுவப்படவில்லை போலும்.

இத்தனைக்கும் மூலகாரணம் வலது ஓரம் நூல் பிடித்தாற்போல நிற்கவேண்டும் என்ற பிடிவாதம். வேற்றுமையும் துணைவினையும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொல்லைக் குறுகிய பத்தியில் அடைத்தால், ஒன்று சொல் முறியும், அல்லது வரி நடுவே ஆள் படுத்துக்கொள்ளுமளவு வெற்றிடம் விழும். இந்த இதழிலிருந்து நம் பக்கங்கள் இடப்பக்கம் மட்டும் சீராக வரும். வலப்பக்கம் சொல் எங்கே முடிகிறதோ அங்கே நிற்கும். தலையங்கம் உட்பட. பார்க்க நன்றாயில்லை என்று அச்சக நண்பர் இப்போதே சொல்லிவிட்டார். சந்தாதாரர்களும் எழுதலாம்.