வண்டிக்குக் குறி வேண்டும். குறிக்குப் பதிவேடு வேண்டும்!

துவிச்சக்கர வண்டி களவு போவதைச் சில்லறைக் களவென்று தள்ளிவிடுவோர் உளர். விடியுமுன் மரக்கறி மூட்டையோடு மருதனார்மடச் சந்தைக்கு விரையும் கமக்காரனைக் கேளுங்கள். வண்டி போனால் பிழைப்பே போயிற்று என்பான். 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் மறுக்கப்பட்டபோது குடாநாட்டைச் சுமந்தது இவ்வண்டியே. 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் கைகொடுத்தது இதுவே.

களவு போவது ஒரு கேடு. அகப்பட்ட வண்டியும் உரியவனிடம் திரும்பாதது அதனினும் பெருங்கேடு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பொலிசார் கைப்பற்றிய பொருளுக்கு உரியவர் தெரியாவிடின் நீதவான் பகிரங்க அறிவித்தல் விடுக்கலாம். ஆறு மாதங்களுள் எவரும் உரிமையை நிலைநாட்டாவிடின் அப்பொருளை விற்றுவிடலாம். ஒரே நிறத்து வண்டிகள் பல நிற்குமிடத்தில், "இது என்னுடையது" என்பதை எதைக்கொண்டு நிலைநாட்டுவது?

மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் அதற்கு விதி வகுத்தது. மாட்டுக்குச் செய்ததை வண்டிக்கு ஏன் செய்யலாகாது?

தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இருக்கைக்குக் கீழோ, பெடல் அச்சின் அடியிலோ ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துவைத்திருப்போர் நம்முள் எத்தனை பேர்? தகரத் தகட்டைக் கள்வன் நொடியிற் கழற்றுவான்; வர்ணத்தைச் சுரண்டுவான். இரும்பிற் பொறித்த குறியை, அதுவும் மறைவான இரண்டாம் இடத்திற் பொறித்ததை, அழிப்பது எளிதன்று. ஆயினும் பதிவேடில்லாத குறி வெறுங் கீறலே. யப்பானில் 1994 முதல் வண்டிப் பதிவு சட்டப்படி கட்டாயம். பிரான்சில் 2021 முதல் கடையில் விற்கும் புதுவண்டிக்கு அடையாளக்குறி இட்டாக வேண்டும்.

இதற்குக் கொழும்பை நோக்கிக் கையேந்த வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துவிச்சக்கர வண்டிக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குத் தந்திருக்கிறது. வர்த்தகத்துக்குப் பயன்படாத வண்டிக்கு அச்சட்டம் குறித்த தொகை 4 ரூபா. வரி விதிக்கும் அதிகாரமுள்ள சபைக்குக் காக்கும் கடமை இல்லையா?

பதிவு என்றதும் நம் மக்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. படையினர் வீடுவீடாய்ப் பெயரெழுதிச் சென்ற காலத்தை எவரும் மறந்திலர். ஆகவே இப்பதிவேடு மக்கள் தெரிந்தெடுத்த சபையின் கையிலேயே இருத்தல் வேண்டும். தமிழில் இருத்தல் வேண்டும். முறைப்பாடு வந்த வண்டியின் இலக்கம் மட்டுமே பொலிசாருக்குச் செல்லுதல் வேண்டும். பழைய வண்டி கைமாறும்போது பதிவும் மாறுதல் வேண்டும். பதிவில்லா வண்டியை வாங்க ஆளில்லையெனின் கள்வனுக்குச் சந்தை ஏது?

2025 மே 6இல் நாம் தெரிந்தெடுத்த சபைகள் இதனைத் தம் முதற் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளட்டும். அதுவரை காத்திராது, இன்றே உங்கள் வண்டியைக் கவிழ்த்து இலக்கத்தை எழுதிவையுங்கள்!