பிரியாவிடை மலரும் வரவு இடாப்பும்

சென்ற தவணையின் முடிவிலே மாணவர் மூவர் என் வீட்டுக்கு வந்தனர். சமய நிறுவனம் ஒன்று தோற்றுவித்த பழம்பெரும் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறுபவர்கள் அவர்கள். தாம் வெளியிடவிருக்கும் பிரியாவிடை மலரின் அச்சுப் படிகளை என் கையில் தந்து, "ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் ஐயா ஓர் ஆசியுரை எழுதித் தரவேண்டும்" என்று கேட்டனர்.

படிகளை வாசித்தேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினும் "கல்லூரித் தாய்", "அறிவுத் திருக்கோயில்", "நாம் ஒரே குடும்பம்" என்னும் சொற்களே கண்ணிற் பட்டன. நிறுவுநர்களின் கருணை, அதிபரின் கண்டிப்பு, விளையாட்டுப் போட்டியில் வென்ற கிண்ணம், காலைப் பிரார்த்தனையின் அமைதி ஆகிய யாவும் அங்கே இருந்தன. வாசித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஆறாந் தரத்திலே உங்களோடு எத்தனை பேர் இருந்தார்கள்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். "நூற்றியிருபது பேர் வரையில் இருக்கும், ஐயா." "இப்போது?" "அறுபதுக்கும் குறைவு." "மற்றவர்கள்?" சிலர் வேறு பாடசாலைகளுக்கு மாறினர், சிலர் மேசன் வேலைக்கும் கடலுக்கும் போய்விட்டனர், சிலரைப் பற்றி எதுவுமே தெரியாது என்று பதில் வந்தது. அவர்களுள் ஒருவனுடைய பெயராவது மலரில் உண்டா என்று கேட்டேன். இல்லை.

ஆசியுரை எழுத என்னால் இயலவில்லை. அதற்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். குற்றம் அந்த மூவருடையதன்று. தம் முன்னோர் எழுதியதையே அவர்களும் எழுதியிருக்கிறார்கள். சைவப் பாடசாலையாயினும் கிறித்தவப் பாடசாலையாயினும், வெளியேறும் வகுப்பு திரும்பிப் பார்க்கும்போது காணவேண்டியவை எவை, காணக்கூடாதவை எவை என்பது நெடுங்காலத்துக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. இந்த வழக்கத்தையே நான் எதிர்க்கிறேன்.

பாடசாலையைத் தாய் என்று அழைப்பதில் என்ன தீங்கு என்று வினவலாம். தாயிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. கோயில் என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்பவன் நிந்தனை செய்தவனாகிறான். குடும்பம் என்று சொல்லிவிட்டால் உள்ளே நடந்ததை வெளியே சொல்பவன் துரோகியாகிறான். பாடசாலையோ தாயுமன்று, கோயிலுமன்று. மக்கள் பணத்தில், மக்களின் பிள்ளைகளுக்காக நடைபெறும் பொது நிறுவனம் அது. யாரைச் சேர்த்தது, யாரை விலக்கியது, யாரை எங்கே இருத்தியது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

1960களின் முற்பகுதியில் நான் கற்றதும் சமய நிறுவனமொன்று கட்டிய பாடசாலையிலேதான். எங்கள் வகுப்பு மூலையிலே ஒரு மண்பானை இருக்கும். தாகமெடுத்தால் நாங்கள் மூடியைத் திறந்து நீரை மொண்டு குடிப்போம். எங்களுள் ஒருவன் மட்டும் பானையைத் தொடமாட்டான். இன்னொருவன் செம்பால் வார்க்க, இரு கைகளையும் ஏந்திக் குடிப்பான். வார்ப்பதற்கு எவனுக்கும் மனமில்லாத நாளில் பாடசாலை விடும்வரை தாகத்தோடு இருப்பான். அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆசிரியர்கள் அனைவரும் அதைக் கண்டனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்பைப் பற்றிய பாடத்தை மிக உருக்கமாக நடத்தியவரும் திறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு அவன் வராமற் போனான். எங்கள் வகுப்பின் நிழற்படத்தில் அவன் இல்லை. பல்லாண்டுகளின் பின் நாங்கள் வெளியிட்ட ஒன்றுகூடல் மலரிலே "பேதமறியாப் பருவம்" என்று எழுதியவர்களுள் நானும் ஒருவன். அந்த வாக்கியத்துக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

இது ஒரு வகுப்பின் கதை மட்டுமன்று. யாழ்ப்பாணத்துச் சமயப் பாடசாலைகளின் வரலாற்றை மலர்களுக்கு வெளியே நின்று பார்த்தால் இது விளங்கும். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். தமிழோடு ஆங்கிலமும், கணிதமும் வானியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே பயின்றவர்களே. எனினும் 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கே கற்றவர்களுட் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடினரேயன்றி, எதிர்பார்த்த அளவுக்குச் சுதேச போதகர்கள் தோன்றவில்லை என்பது மிஷன் தலைமைப்பீடத்தின் மனக்குறை. அறிஞரை உருவாக்கிய கூடத்தை அதன் எசமானர்களே தோல்வியெனக் கணித்தனர். நிறுவனத்தின் கணக்கு வேறு, மாணவனின் கணக்கு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அந்தத் தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்கு மீண்டு, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்துத் தமிழுக்கு அளித்தார். பாடசாலை தனக்கென வகுத்த பாதையிலிருந்து விலகியமையாலேயே அவரை நாம் இன்று நினைவுகூர்கிறோம்.

ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றவர், அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிலே துணைநின்றவர். அச்சு, பிரசங்கம், வசன நடை ஆகிய கருவிகளைக் கையாளும் வகையை அங்கே கண்டறிந்து, அவற்றைக் கொண்டே மிஷனரிமாரை எதிர்த்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மாணவன் தன் பாடசாலைக்கு எதிராக வாதிடுவது நன்றிகேடு என்போர் முதலில் நாவலரை நன்றிகெட்டவர் என்று சொல்லத் துணியட்டும். ஆயின் அதே நாவலர் சாதியாசாரத்தைக் கைவிட்டவரல்லர் என்பதையும் மறைக்கலாகாது. அந்நியரின் பிடியிலிருந்து பிள்ளைகளை மீட்கவெனத் திறந்த கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. விக்கிரகத்தை வணங்காதே என்று போதித்தவர்களும், சிவனை மறவாதே என்று போதித்தவர்களும் தரையில் இருத்தப்பட்ட பிள்ளையைக் கண்டபோது பெரும்பாலும் ஒரே மௌனத்தையே கடைப்பிடித்தனர்.

தரையில் இருத்தப்பட்ட பிள்ளை என்பது கற்பனையன்று. 1929-30 காலத்தில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்குகளில் அமரவேண்டும் என்று கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது யாழ்ப்பாணம் கொந்தளித்தது. சமாசனத்தைத் தடுக்குமாறு மனுக்கள் எழுந்தன, பாடசாலைகள் தீக்கிரையாயின. ஓர் ஏழைச் சிறுவன் தரையிலிருந்து ஒன்றரை முழம் உயர்வதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடத்தையே கொளுத்தத் துணிந்த சமூகம் நம்முடையது. அவ்வாண்டுகளின் நினைவு எத்தனை நூற்றாண்டு மலர்களில் இடம்பெற்றிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

"சமயப் பாடசாலைகள் நன்மையே செய்யவில்லையா? 1824இல் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தோன்றியிராவிட்டால் நம் பாட்டிமார் எழுத்தறிந்திருப்பார்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நன்மை செய்தன; பெருநன்மை செய்தன. இன்னுமொன்றையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்த இயக்கம், இத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்துமே பிறந்தது. தீண்டாமையை எதிர்த்தும், சமாசனத்தையும் சமபோசனத்தையும் வேண்டியும் குரல் கொடுத்த ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் மிஷன் கல்லூரியிலிருந்து வந்தவர்களே. ஆகவே பாடசாலையின் சிறந்த மரபு எது? அதற்கு மாலை சூட்டியவர்களின் மரபா, அதைத் திருத்த முனைந்தவர்களின் மரபா? பின்னதையே நான் போற்றுகிறேன்.

இனிக் கருணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்பாடசாலைகளை நடத்தியது நிறுவுநர்களின் தயாளம் மட்டுமன்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டபின், அரசாங்கத்தின் உதவி நன்கொடை அவற்றை ஒழுங்காகத் தாங்கி வந்தது. அந்தப் பணம் வானத்திலிருந்து பொழியவில்லை. அரிசிக்கும் உப்புக்கும் வரி கொடுத்த உழைப்பாளியின் மடியிலிருந்து வந்தது. தன் பிள்ளை நுழையமுடியாத பாடசாலைக்கும் அவன் பணம் கொடுத்தான். 1945 ஒக்டோபரிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அதை எதிர்த்தவர்களுள் மதப் பாடசாலை முகாமையாளர் பலர் இருந்தனர். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. மக்களின் உரிமையாகிவிட்டதை இன்னும் ஒரு சபையின் பிச்சையாகக் கருதிக் கைகூப்பி நிற்பது என்ன பகுத்தறிவு?

அரசு ஏற்றதோடு அநீதி அகன்றுவிட்டதென்று நான் ஏமாற்றமாட்டேன். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தால் சாதி ஒழிந்ததா? பானை மறைந்தது; பார்வை மறையவில்லை. இலவசக் கல்வி நிலவும் நாட்டிலே முதலாந் தர அனுமதிக்கு "நன்கொடை" கேட்கப்படுகிறது. பிரத்தியேக வகுப்புக்குப் பணமில்லாதவன் உயர்தர வகுப்பின் கதவோரத்திலே நின்று திரும்பிவிடுகிறான். போரிலே தந்தையை இழந்தவன் மேசன் வேலைக்குப் போகிறான். வகுப்பு பாதியாகக் குறைகிறது. எஞ்சிய பாதி "நாம் ஒரே குடும்பம்" என்று மலர் வெளியிடுகிறது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் பணம் அனுப்பி வளைவும் மண்டபமும் கட்டுகிறார்கள். வளைவினூடாக உள்ளே வராமற் போனவனைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

மாணவ நண்பர்களே, மலரை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைத் திருத்தி எழுதுங்கள். ஆறாந் தரத்து வரவு இடாப்பைத் தேடி எடுங்கள். அதிலுள்ள பெயர்கள் அனைத்தையும் மலரின் முதற் பக்கத்தில் அச்சிடுங்கள். இடையிலே நின்றவர்களின் வீடுகளுக்குச் சென்று, ஏன் நின்றார்கள் என்று அவர்களின் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். உங்களுக்கு உண்மையாகவே கற்பித்த ஆசிரியரை மனமாரப் புகழுங்கள். சாதிப் பெயரால் ஏசிய ஆசிரியர் இருந்திருப்பின் அதையும் எழுதுங்கள். கழிவறையைத் துப்புரவு செய்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிடின் முதலில் அதைக் கேட்டறியுங்கள். பிரார்த்தனையின்போது வேற்றுச் சமயத்துத் தோழன் எங்கே நின்றான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒன்று: அவர்கள் அவ்வாறு எழுதிக்கொண்டு வந்தால் பாடசாலையின் நற்பெயரைக் காரணங்காட்டிச் சிவப்பு மையால் வெட்டாதீர்கள். என் ஆசிரியர்கள் பானையைக் கண்டும் மௌனமாக இருந்தார்கள். நாமும் அந்த மௌனத்தையே நம் பிள்ளைகளுக்குப் பாடமாக விட்டுச்செல்லலாகாது.

அந்த மூவரும் படிகளைத் திரும்ப வாங்கிச் சென்றனர். போகும்போது அவர்களுள் ஒருவன் வாசலில் நின்று, இடாப்பு அலுவலகத்திலே இன்னும் இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன். இல்லையென்று சொல்லப்பட்டால் உங்கள் நினைவிலிருந்து பெயர்களை எழுதத் தொடங்குங்கள் என்றும் சொன்னேன். அன்றிரவு நானும் என் வகுப்புத் தோழர்களின் பெயர்களை ஒரு தாளிலே எழுதத் தொடங்கினேன். பானையைத் தொடாதவனின் பெயரை முதலில் எழுதினேன்.