வாளை ஏந்தியவரை அறிவோம், வடித்தவரை?

தாரிக் இப்னு ஸியாத் என்ற பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு அரிது. 711ஆம் ஆண்டு கடல் கடந்து ஸ்பெயின் மண்ணில் இறங்கிய அத்தளபதி, வட ஆப்பிரிக்காவின் பெர்பர் இனத்தவர் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவ்வினத்தின் வீரர்களை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவ்வினத்தின் கொல்லர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

தாரிக்கின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் அம்மக்களிடையே வழங்கிய வாள்களுள் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று, அல்ஜீரியாவின் கபீலியா மலைநாட்டு ஃப்ளிஸா. இஃப்லிஸன் என்ற குலத்தின் பெயரே இவ்வாளுக்கு வழங்கலாயிற்று. ஒருபக்கக் கூர்மையும் ஒடுங்கி நீண்ட முனையும் உடைய இவ்வாளில், கையைக் காக்கும் குறுக்குக் காப்பு கிடையாது. அலகில் உளியால் கோலங்கள் செதுக்கி, அப்பள்ளங்களில் பித்தளையைப் பதிப்பர். கைப்பிடியின் நுனி விலங்கின் தலை போல் அமையும். 1857இல் பிரெஞ்சுப் படை கபீலியாவைக் கைப்பற்றிய பின் இத்தொழில் மங்கியது. அவ்வாள்கள் பல இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

மற்றொன்று, பெர்பர் மக்களின் ஒரு பிரிவினரான சஹாராவின் துவாரெக்குகள் ஏந்திய தகூபா. இருபுறமும் கூருடைய நேரான வாள் அது. அதற்குக் குறுக்குக் காப்பும் தோல் உறையும் உண்டு. வணிகர்கள் கொண்டுவந்த ஐரோப்பிய அலகுகளுக்கும் உள்ளூர்க் கொல்லர்கள் கைப்பிடி பொருத்தினர். அவ்வலகுகளில் இருந்த முத்திரைகளைத் தாம் அடித்த அலகுகளிலும் பொறித்தனர். பிற்காலத்தில் பழைய வாகனங்களின் வில்பட்டைகளும் அவர்கள் கையில் வாளாயின.

இக்கொல்லர்கள் இனாதன் எனப்படுவோர். வாள், பூட்டு, வெள்ளி நகை, மரச்சாமான் அனைத்தும் இவர்கள் ஆக்கியவை. தோல் வேலை இவர்களுடைய பெண்களின் கைத்திறன். எனினும் துவாரெக் சமூகம் இவர்களைப் பிறப்பால் தனிப் பிரிவாக ஒதுக்கியது. உயர்குடியினர் இவர்களுடன் மணவுறவு கொள்ளத் தயங்கினர். வாள் ஆண்மகனின் பெருமையாயிற்று. அதை வடித்தவனோ அச்சத்தோடும் ஏளனத்தோடும் நோக்கப்பட்டான்.

இதை நாம் மார்க்கத்தின் அளவுகோலால் நிறுத்துப் பார்க்க வேண்டும். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும் போர்க்கவசம் செய்யும் கலை கற்பிக்கப்பட்டதையும் திருக்குர்ஆன் அருட்கொடையாகவே எடுத்துரைக்கிறது. அவர் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார் என்பது நபிமொழி. அவ்வாறிருக்க, முஸ்லிம் சமூகமொன்றில் இரும்படித்தவர் எவ்வாறு தாழ்ந்தவரானார்? அந்த வழக்கம் மார்க்கம் தந்ததன்று, குலப்பெருமை தந்தது.

பாலைவனத்து மக்களைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. சம்பந்தம் பேசுமிடத்தில், "மாப்பிள்ளைக்குப் பட்டறையில் வேலை" என்றதும் நம் வீட்டார் முகம் சுளிப்பதில்லையா? படிப்பில் பின்தங்கிய பிள்ளையை, "இரும்படிக்கத்தான் லாயக்கு" என்று நாமே ஏசுவதில்லையா? ஹலாலான உழைப்பை வசைச்சொல்லாக்கும் அவ்வார்த்தை, தாவூத் நபியின் தொழிலை இழிவுபடுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

தாரிக்கின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதோடு, இனாதன்களின் உலைக்களத்தைப் பற்றியும் சொல்வோம். பட்டறைக்குச் செல்லும் மகனை, அலுவலகம் செல்லும் மகனுக்கு நிகராகவே விருந்தினரிடம் அறிமுகப்படுத்துவோம். இன்ஷா அல்லாஹ், அந்த மாற்றம் நம் வீட்டுக் கூடத்திலிருந்தே தொடங்கட்டும்.